பதினாறு மாடிக் கப்பலில் ஏழுமலை மேஸ்திரி

1

கண்ணாடிக் கதவு தானாகவே இரண்டு பக்கமும் விலகியது. உள்ளே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கூடம். உச்சியிலிருந்து அருவி மாதிரி தொங்கும் விளக்கு, கீழே முகம் தெரிகிற தரை, நடுவில் சுழன்று சுழன்று ஏறும் படிக்கட்டு, ஓரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். என் மகள் யாழினி வாயைப் பிளந்தபடி உள்ளே ஓடிவிட்டாள். என் மனைவி சுகந்தி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பத்தடி போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனைக் காணோம்.

அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். கதவு மூட வரும். அவரைக் கண்டதும் மறுபடி விலகும். மூட வரும், விலகும். அவருக்குப் பின்னால் ஒரு சீனக் குடும்பம் பெட்டி படுக்கையோடு பொறுமையாகக் காத்திருந்தது.

"டேய் மணி," என்றார் குரலைத் தாழ்த்தி. "நம்ம உள்ள போலாமாடா?"

"நமக்குத்தாண்ணா கப்பலே. வாங்க."

"இல்லடா, யாரனா ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

யாழினி திரும்பி ஓடி வந்தாள். "அப்பா, பெரியப்பா ஏன் அங்கியே நிக்குது?"

"நிக்கிறாருன்னு சொல்லும்மா," என்றேன். பதினைந்து வயசாகிறது, இன்னும் பெரியவர்களை அது இது என்கிறாள்.

"உடுடா, பாசமா சொல்லுது," என்றார் அண்ணன். யாழினி அவர் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. அப்படித்தான் எங்கள் அண்ணன் கப்பலுக்குள் காலெடுத்து வைத்தார்.

நான் சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்த சாக்கில்தான் இந்தப் பயணம். நான் லிஃப்ட் மெக்கானிக். இத்தனை வருஷமாக அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்கியதுதான் என் பிழைப்பு. "நாமளும் ஒருவாட்டி மேல ஏறிப் பாக்கலாம்" என்றாள் சுகந்தி. ஊரிலிருந்து அண்ணனையும் வரவழைத்தோம். அண்ணியையும் கூப்பிட்டோம். "கடலைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும், நீங்க போங்கப்பா" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ராத்திரி. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் கப்பல். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள்!

2

என் அண்ணன் ஏழுமலை கொத்தனார். மேஸ்திரி என்றால்தான் எங்கள் பக்கம் தெரியும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஐயம்பேட்டை தாண்டிச் சின்ன ஊர் எங்களுடையது. ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, காலனியில். இதை வாசிக்கிற உங்களுக்கு நான் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் புதிதாக எழுந்த பெரிய வீடுகளில் பாதிக்கு அண்ணன் கை பட்டிருக்கும் என்று நான் பெருமையாகச் சொல்வேன். அவருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும்போது ஒரு பட்டு வியாபாரிக்கு மூன்று மாடி வீடு கட்டினார். எட்டு மாத வேலை. பூஜை அறைக்குத் தரைக் கல் பதித்தது அண்ணனேதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கல் தரையில்தான் துண்டை விரித்துப் படுப்பார். அவ்வளவு குளுகுளு என்று இருக்குமாம்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் புது வேட்டியும் துண்டும் தட்டில் வைத்து மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். கேட்டுக்கு வெளியே வைத்துக் கொடுத்தார்கள். சாப்பாடு பின்பக்கம், கார் ஷெட்டில். அன்றைக்குத்தான் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது, தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை மாடி அறையிலேயே விட்டுவிட்டோம் என்று. "எடுத்துக்கினு வந்துடறேங்க" என்று படியில் கால் வைத்தார். "நீ இருப்பா, உள்ள பூஜை நடக்குது" என்று யாரோ ஒரு சொந்தக்காரரை அனுப்பினார்கள். அவர் போய்த் தேடோ தேடென்று தேடிவிட்டு, வெறும் கையோடு இறங்கி வந்தார்.

"ரசமட்டம் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு ரசமட்டம்னா இன்னான்னே தெரியாது. அவரு போயி தேடுறாரு, நான் கேட்டாண்ட நின்னுக்கினு மேல கை காட்டிக்கினு இருக்கேன்!" அண்ணன் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார். கேட்கிற எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்வார்களே, அதற்கு அண்ணன் ஒரு வால் ஒட்டியிருக்கிறார்: "வூட்டைக் கட்டிப் பார்னு சொன்னான். கட்டுனவனை உள்ள உட்டுப் பார்னு ஒருத்தனும் சொல்லல பாரு."

அந்த ஒரு நாளில் வந்த பழக்கம் இல்லை இது. எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கு அவர் அப்பாவிடமிருந்து. எந்த வாசலாக இருந்தாலும் அண்ணன் நிற்பார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால்தான் கால் நகரும். பாங்க், ஆஸ்பத்திரி, நகைக்கடை எல்லாவற்றிலும் அப்படித்தான். விமான நிலையத்திலிருந்து என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பதினாலாவது மாடி. கதவைத் திறந்துவிட்டு நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். சுகந்தி வந்து "மாமா, ஏன் வெளியவே நிக்கிறீங்க, வாங்க" என்று கூப்பிடுகிற வரைக்கும் தம்பி வீட்டு வாசலில் நின்றவர் அவர்.

அன்றைக்கே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இந்தக் கப்பல் கரைக்குத் திரும்புவதற்குள், ஒரே ஒரு கதவிலாவது அண்ணன் யாரையும் கேட்காமல் தானாக நுழைந்துவிட வேண்டும். பினாங்கு, கடல், சாப்பாடு எல்லாம் அப்புறம்.

3

கேட்டு நிற்பதில் நானும் சளைத்தவன் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன்! வேலை அனுமதி, அதைப் புதுப்பிக்க ஒன்று, மனைவியைக் கூட்டிவர ஒன்று, நிரந்தரவாசம் கேட்டு ஒன்று, அது வந்த பிறகு வெளியே போய்த் திரும்பி வர இன்னொன்று. இந்தப் பயணத்துக்கும் அண்ணனுக்கு விசா எடுக்கும்போது, கப்பலில் போய்விட்டு மறுபடி உள்ளே வருகிற மாதிரி எடுக்க வேண்டும் என்று முகவர் மூன்று தடவை சொன்னார்.

அண்ணன் பாஸ்போர்ட்டில் பேர் இருக்கும் இடத்தில் ஏழுமலை, குடும்பப் பேர் இருக்கும் இடத்தில் அப்பா பேர் முனுசாமி. நம்மில் யாருக்கு ஐயா குடும்பப் பேர் இருக்கிறது? ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும் என்று அப்பா பேரை எழுதிவிடுகிறோம். வெளிநாட்டில் அதுவே நம் பேராகிவிடுகிறது. கப்பலில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அறையைத் திறக்க அதுதான், சாப்பாட்டுக் கூடத்தில் காட்டவும் அதுதான். எங்கே நீட்டினாலும் அதைப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வெல்கம் மிஸ்டர் முனுசாமி!" என்பார்கள்.

முதல் தடவை அண்ணன் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அப்பாவை எதுக்குடா கூப்பிடுறாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் அப்பா கல் உடைக்கிற வேலையில் இருந்தவர். அவரை யாரும் எங்கேயும் வா என்று கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஏய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவரு வந்துக்கினுதான் கீறாரு போல," என்றார் அண்ணன். அட்டையைச் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

4

இனி கப்பலைச் சுற்றிக் காட்டுகிறேன், வாருங்கள். எனக்கே இன்னும் மூச்சு வாங்குகிறது.

பதினாறு மாடி. கண்ணாடி லிஃப்டில் ஏறினால் ஒவ்வொரு மாடியும் ஒரு தெரு மாதிரி கண்முன்னே இறங்கிப் போகும். லிஃப்ட் ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லாமல் நின்றபோது, வேலைக்காரன் புத்தி, யார் பராமரிக்கிறார்களோ அவர்கள் கைக்கு மனசுக்குள் ஒரு முத்தம் கொடுத்தேன். ஒரு மாடியில் கடைவீதி. ஒரு மாடியில் ஆயிரம் பேர் உட்காரும் நாடகக் கொட்டகை, சிவப்பு மெத்தை நாற்காலி. ஒரு மாடியில் நூலகம், அங்கே ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. மேல்தளத்தில் ஓடுவதற்கென்றே கப்பலைச் சுற்றி ஒரு பாதை. கடலுக்கு நடுவில் பிள்ளைகள் சுவர் ஏறுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், சறுக்குக் குழாயில் அலறிக்கொண்டே வந்து தண்ணீரில் விழுகிறார்கள்!

அண்ணன் எல்லாவற்றையும் மேஸ்திரி கண்ணால் பார்த்தார். அறைக்குள் போனதும் சுவரை விரல் மடக்கித் தட்டினார். "தகரம்டா! செவுரு பூரா தகரம்!" குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். "கப்பல் ஆடிக்கினே இருக்குது, ஆனாலும் வாட்டம் சரியா குடுத்துக்கிறான். கெட்டிக்காரன்." கூடத்துப் பளிங்கைத் தடவிப் பார்த்து, "இதுவும் கல்லு இல்ல, மேல ஒட்டுனது," என்றார். கடைசியில் தீர்ப்பு: "இவ்ளோ பெரிய வூட்ல ஒரு சட்டி சிமெண்டு இல்லடா!"

ஆனால் ஒவ்வொரு கதவிலும் அதே கதைதான். நூலகத்தில், "படிக்கிறவங்க இருக்காங்க, நம்ம போலாமா?" நாடகக் கொட்டகையில், "கடைசி வரிசையில கதவாண்ட உக்காந்துக்கலாம்." யாழினி விடவில்லை. இரண்டாவது வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒரு பெண் சுழன்றபோது, அண்ணன் அவளைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினவர்களில் அண்ணன்தான் முதல் ஆள்.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு ஓரமாக நின்றார். யாராவது பரிமாறுவார்கள் என்று. "நாமளே எடுத்துக்கணும் மாமா" என்றாள் சுகந்தி. அவர் உடனே எடுக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரர் வந்து கரண்டியைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார். அடுத்து ஒரு மலாய்க்கார அம்மா. அடுத்து நெற்றியில் திருமண் இட்ட ஒரு பெரியவர், நம் ஊர்ப் பக்கத்துக்காரராகவே இருக்கலாம்.

"மணி," என்று காதோரம் சொன்னார். "எல்லாரும் அதே கரண்டியப் புடிக்கிறாங்கடா."

"ஆமாண்ணா."

"யாரும் கழுவல."

"கழுவலண்ணா."

போய் அந்தக் கரண்டியைப் பிடித்தார். தேவைக்கு மேலேயே சோறு போட்டுக்கொண்டு வந்தார். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள், பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்பியதும், நீச்சல் குளம். சிங்கப்பூரில் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய அரைக்கால் சட்டையோடு அண்ணன் குளக்கரையில் நின்றார். கப்பலில் இருந்த அத்தனை வாசல்களிலும் அவர் அதிக நேரம் நின்றது அங்கேதான். கதவே இல்லாத இடம். நீலத் தண்ணீரில் உலகத்தில் உள்ள எல்லா நிறத்து உடம்பும் மிதந்துகொண்டிருந்தது.

"இந்தத் தண்ணில எல்லாரும் எறங்கலாமா?"

"பெரியப்பா! இது ஸ்விம்மிங் பூல்! ஸ்விம் பண்ணத்தான் கட்டிருக்காங்க. குளிச்சிட்டு எறங்கணும், அதான் ஒரே ரூல்," என்று பலகையைக் காட்டினாள் யாழினி.

"யாரு குளிச்சிட்டு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் குளிச்சிட்டுத்தான் எறங்கணும்னா, அது நல்ல சட்டம்," என்றார். குழாயடியில் நின்று, ஆடிப் பெருக்குக்குக் குளிக்கிற மாதிரி நிதானமாகக் குளித்தார். பிறகும் இறங்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் உள்ளே விட்டார். யாழினி கூம்பு ஐஸ்கிரீம் ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள். காஞ்சிபுரம் போனால் காலாட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்பார்கள். தறியில் உட்கார்ந்து காலால் மிதித்தால் சோறு கிடைக்கும் என்று அர்த்தம். எங்களிடம் தறியும் இல்லை, அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை. அண்ணன் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய்! இப்பதாண்டா காலாட்டிக்கினு சாப்புடுறேன்!"

யாழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, பெரியப்பா ஏன் எல்லாத்துக்கும் பெர்மிஷன் கேக்குறாங்க? பயமா? இங்லீஷ் தெரியாததுனாலயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இத்தனை வருஷமாக அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு லீவில் போகும்போதெல்லாம் அவளைக் காரில் வைத்துக் கோயில் கோயிலாகக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். நம் வீடு ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடல் தாண்டியதே அதை மறக்கத்தானே என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னேன். பட்டு வியாபாரி வீடு, கேட், கார் ஷெட், ரசமட்டம், தாத்தா, எங்களை இறங்க விடாத ஊர்க் குளம், எல்லாமே. அவளுக்குத் தமிழில் பல வார்த்தை புரியவில்லை. இங்கிலீஷில் சொல்லப் போனால் எனக்கு வார்த்தை இல்லை. இரண்டையும் கலந்து எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஊரில் எல்லோரும் சிரிக்கிற கதை அது. முகம் சிவந்து, "அந்த வீட்டு அங்கிள் அட்ரஸ் என்ன?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"சும்மா. அட்ரஸ் குடுங்க."

கொடுக்கவில்லை. எழுந்து போனாள். உடுத்தியிருந்த சட்டையோடு குளத்தில் குதித்து, அண்ணன் காலைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, ஐஸு! ஐஸு!" என்று கத்திக்கொண்டே அண்ணன் தண்ணீருக்குள் விழுந்தார். மார்பளவுத் தண்ணீர்தான். முழுகி எழுந்து, முகத்தைத் துடைத்து, சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்தரும் கரையேறவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அண்ணனும் தூக்கிக் காட்டினார்.

5

மூன்றாம் நாள் முழுக்கக் கடல். மறுநாள் காலையில் சிங்கப்பூர். அண்ணன் வெகுவாகத் தேறியிருந்தார். ஆனாலும் கதவென்று வந்தால் அரை நொடி நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் தலையாட்டினால்தான் கால் நகரும். யாழினி ஒரு பந்தயம் போட்டாள்: "இன்னிக்கு நீங்கதான் முன்னாடி போகணும் பெரியப்பா. நாங்க பின்னாடிதான் வருவோம். திரும்பிப் பாத்தா அவுட்டு."

சாயங்காலம், உச்சி மாடி. கப்பலின் மூக்குப் பக்கமாக நடந்தோம். நீளமான தாழ்வாரம், அதன் முடிவில் இருண்ட கண்ணாடியும் பித்தளைக் கைப்பிடியும் போட்ட கதவு. அந்தப் பக்கம் வெயில் மஞ்சளாக அடிக்க, சாய்வு நாற்காலிகளும் குடைகளும் தெரிந்தன. அண்ணன் முன்னால் போனார். நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. தோளை நிமிர்த்திக்கொண்டு, கட்டி முடித்த வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மேஸ்திரி மாதிரி போய், கைப்பிடியைப் பிடித்துத் திறந்து, உள்ளே கால் வைத்துவிட்டார்.

நான் சுகந்தி கையை இறுக்கிப் பிடித்தேன். யாழினி சத்தமில்லாமல் குதித்தாள்.

உள்ளே இருந்த பணிப்பெண், பிலிப்பைன்ஸ்காரி போல, சிரித்துக்கொண்டே அட்டையைக் கேட்டாள். அண்ணன் கம்பீரமாக எடுத்துக் கொடுத்தார். கருவியில் வைத்தாள். கீச்சென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை வைத்தாள். மறுபடி சிவப்பு.

"சாரி சார்," என்றாள். ரொம்பத் தணிவாகத்தான் சொன்னாள். சூட் என்கிற பெரிய அறை எடுத்தவர்களுக்கு மட்டுமான தளமாம் அது. கதவை அவளே பிடித்துக்கொண்டு, அண்ணனுக்கு வெளியே வழி காட்டினாள்.

கப்பலில் எத்தனையோ வாசலைத் தாண்டி, மூன்று நாள் பாடுபட்டு, தானாக நுழைந்த முதல் கதவு இதுவாகவா இருக்க வேண்டும்! இனி ஊருக்குப் போனாலும் எந்த வாசலிலும் அவர் கால் வைக்க மாட்டார். போச்சு.

அண்ணன் தாழ்வாரத்தில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

"உள்ள ரிப்பேர் வேலை நடக்குதாம்ணா," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொய்," என்றாள் யாழினி. "அப்பா, பொய் சொல்லாதீங்க." அவள் கண் தளும்பியது. "பெரிய ரூம் எடுத்தவங்க மட்டும்தான் போலாமாம் பெரியப்பா. நம்ம எடுத்தது சின்ன ரூம்."

அண்ணன் அவளைப் பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் கேக்கலையே? எந்த ஊரு, எந்தத் தெருன்னு?"

"இல்ல பெரியப்பா."

"பெரிய ரூமு எடுத்தா நம்மளையும் உள்ள உட்டுருவாங்களா?"

யாழினி அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் கேட்டாள். ஆமாம், யார் எடுத்தாலும், என்றாள் அவள்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். ஊரில் அந்த ரசமட்டக் கதையைச் சொல்லும்போது வருகிற சிரிப்பு இல்லை. வயிறு குலுங்குகிற சிரிப்பு. "டிக்கெட்டுடா! வெறும் டிக்கெட்டு! இதுக்கா நீங்க ரெண்டு பேரும் எழவு வுழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கினு நிக்கிறீங்க?" என்று என் முதுகில் ஒரு அறை அறைந்தார். "டேய், டிக்கெட்டுன்னா அடுத்த தபா எடுத்துக்கலாண்டா!"

சுகந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் நிற்கவில்லை. "யாழினி, கேளு. அந்தப் பெரிய ரூம்ல எத்தினி பேரு தங்கலாமாம்?"

நாலு பேர் என்றாள் அந்தப் பெண்.

"பத்தாதே. உங்க பெரிம்மாவ இழுத்துக்கினு வரணும். ரெண்டு ரூமா போட்டுக்கலாம்." கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தக் கடைசி குடை நம்மளுது. காத்து அங்கதான் நல்லா வரும்."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"அடுத்த தபா வரேம்மா," என்றார் சத்தமாக. "கதவைத் தொறந்து வை."

"யெஸ் சார்," என்றாள் அவள்.